செவ்வாய்க்கிழமை போன கறண்ட்

வடிவம்மா: அதில்லை. அதுக்குப் பக்கத்தில இருக்கிற பொத்தான்.

பொன்னையா: எனக்குத் தெரியாதோ? பெடியன் எனக்கெல்லோ பழக்கிப்போட்டுப் போனவன்.

வடிவம்மா: தெரிஞ்சால் ஏன் விரலை வச்சுக்கொண்டு யோசிக்கிறியள்... ஏழு மணிக்குச் சதீஸ் சுவிஸில இருந்து அடிப்பான். அதுக்குள்ள பெட்டி சரிவரவேணும்.

பொன்னையா: வரும் வரும். முதல்ல உருத்திரபுரத்தில இருந்து வந்த களைப்பு ஆறட்டும். ஓமந்தைச் செக்பொயின்ரில இறங்கி, வரிசையில நிண்டு, பையைக் கொட்டிக் காட்டி, திரும்பப் பஸ்ஸில ஏறி... வவுனியா வந்து சேர உயிர் போட்டுது. ஒரு மிடறு தண்ணி தந்தனியோ?

வடிவம்மா: செம்பு உங்கட முழங்காலுக்குப் பக்கத்திலதான் கிடக்குது. கண்ணைத் திறந்து பாருங்கோ.

பொன்னையா: ...ம். சரி, சொல்லு. நேற்றுக் கறண்ட் போகேக்க எதெது எரிஞ்சுகொண்டிருந்தது?

வடிவம்மா: முன்வாசல் லைற். விறாந்தை லைற். பிறகு... நாலாம் நம்பர்.

பொன்னையா: நாலாம் நம்பர் என்ர அறை லைற்றெல்லோ?

வடிவம்மா: ஓம்.

பொன்னையா: நான் உருத்திரபுரத்தில கிடக்கிறன். என்ர அறைக்கை ஏன் லைற் எரியுது?

வடிவம்மா: ஏனெண்டால் நீங்கள் இஞ்ச இருக்கிறியள். சதீசின்ர கணக்கில.

பொன்னையா: நல்ல கணக்கு.

வடிவம்மா: பங்குனியில கட்டிலையும் லொறியில ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டுப் போனியள். அதை நான் இன்னும் அவனுக்கு வாய் திறந்து சொல்லேல்ல. நீங்களும் சொல்லேல்ல. பிறகு லைற்றைப் போடாமல் என்ன செய்யிறது? பொழுதுபட உங்கட அறை லைற்றைப் போடுவன், சாப்பாட்டு நேரத்தில நூப்பன், பிறகு திரும்பப் போடுவன். நீங்கள் பேப்பர் படிக்கிறியளாம்.

பொன்னையா: நான் எத்தனை மணிவரைக்கும் பேப்பர் படிக்கிறன்?

வடிவம்மா: எனக்கு நித்திரை வருமட்டும்.

பொன்னையா: உந்தப் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டேக்க என்ன கதை கதைச்சவன். சண்டை முடிஞ்சு பாதை திறந்தாப்பிறகு முதல்முதலா வாறான், ஆசையாக் கட்டிப்பிடிப்பான் எண்டு பாத்தால், ஏணியில ஏறி நிண்டு வயர் இழுக்கிறான். "அப்பா, நான் அங்கயிருந்து ரெலிபோன் அடிப்பன். அஞ்சுதரம் மணி அடிச்சும் நீங்கள் எடுக்காட்டிப் பெட்டி எடுக்கும். நான் நம்பரை அமத்த, அது கீச்செண்டு ஒருக்கால் கத்தினால் லைற் எரியுது, இரண்டுதரம் கத்தினால் நூந்திருக்கு. அங்கயிருந்து நானே போடவும் ஏலும், நூக்கவும் ஏலும். உங்களைப் பக்கத்தில இருந்து பாக்கிற மாதிரி" எண்டவன். கறண்ட் போய் வந்தால் பெட்டிக்குத் தலை மாறும் எண்டதை மட்டும் சொல்லேல்ல.

வடிவம்மா: பாவம், அவனுக்கு என்ன தெரியும். அங்க கறண்ட் போறதில்லையாம்.

பொன்னையா: இஞ்ச போனால் எரியிறதை நூந்திருக்கெண்டும், நூந்ததை எரியுதெண்டும் அது பொய் சொல்லத் தொடங்கிடும். நாங்கள் ஒவ்வொரு பொத்தானா அமத்தி அமத்தி அதுக்குத் திரும்பப் பழக்கவேணும். பிள்ளைக்குச் சோறு தீத்திற மாதிரி.

வடிவம்மா: கதையைக் குறைச்சுக்கொண்டு அமத்துங்கோ.

பொன்னையா: அமத்திக்கொண்டுதான் கதைக்கிறன்... ஏன் வடிவு, பேசாமல் அவனுக்கு உண்மையைச் சொன்னால் என்ன?

வடிவம்மா: சொல்லுங்கோவன். அடுத்த பிளேனில வந்து என்னைக் கையோட கூட்டிக்கொண்டு போயிடுவான். போன வரியமே சொல்லிப்போட்டான். "அம்மா, நீங்கள் இரண்டுபேரும் ஒண்டா இருக்கிறியள் எண்டுதான் நான் பேசாமல் இருக்கிறன். இல்லாட்டி உங்களை ஒரு நாளும் அங்க தனிய விடமாட்டன்" எண்டு. எனக்கு அந்தக் குளிருக்கை போய்க் கிடக்கேலாது. அவன் விடிய ஹோட்டல் குசினிக்குப் போனால் இரவுதான் வாறானாம். நான் ஆரோட கதைக்கிறது? பெட்டியோடயோ?

பொன்னையா: அப்ப உருத்திரபுரத்துக்கு வாவன்.

வடிவம்மா: திரும்பத் தொடங்காதேங்கோ.

பொன்னையா: எங்கட சொந்தக் காணி. கண்ணிவெடி எல்லாம் எடுத்துத் தந்திட்டாங்கள். கிணறு இறைச்சாச்சு. கூரைக்குத் தகரமும் போட்டாச்சு.

வடிவம்மா: தொண்ணூற்றாறில அந்தப் படலைக்குள்ளாலதான் நான் சதீசை இழுத்துக்கொண்டு ஓடினனான். அடுப்பில சோறு அவிஞ்சபடி கிடந்தது. அங்கயிருந்து ஸ்கந்தபுரம், பிறகு மல்லாவி, பிறகு இஞ்ச. ஓடி ஓடிக் களைச்சுப்போனன். தகரம் போட்டாப்போல எனக்கு அங்க நித்திரை வருமோ? உங்களுக்கு மண். எனக்குப் பயம். அதை எத்தனைதரம் சொல்லுறது.

பொன்னையா: ...சரி, விடு.

வடிவம்மா: நீங்கள் விட்டியளோ? "நீயாக் கூப்பிடாமல் இந்த வாசல் மிதிக்கமாட்டன்" எண்டுபோட்டெல்லோ லொறியில ஏறினனியள். பக்கத்துத் தெரு முத்தலிப் பாக்க, அவன்ர பெண்சாதி ஹாலிதா பாக்க.

பொன்னையா: "நான் கூப்பிடவே மாட்டன்" எண்டு பின்னால நிண்டு கத்தினது ஆர்?

வடிவம்மா: நான்தான். இப்பவும் நான் கூப்பிடேல்ல. பெட்டி பிழைச்சது, ஆள் விட்டனான்.

பொன்னையா: நானும் உன்னட்டை வரேல்ல. பெட்டியைப் பாக்க வந்தனான். பாத்துப்போட்டுப் போறன்.

வடிவம்மா: போங்கோ. ஆர் மறிச்சது.

முத்தலிப்: அக்கா... வீட்டுக்க வரலாமா, சண்டை முடியட்டுமா?

வடிவம்மா: வா முத்தலிப். இதுக்குப் பேர் சண்டையில்ல, பெட்டி திருத்திறம்.

முத்தலிப்: நோன்புக் கஞ்சி, சூடா இருக்கு. ஹாலிதா தந்து விட்டா. அண்ணன் வந்திருக்காருன்னு ரெண்டு பேருக்குக் காணுமாப் போல ஊத்தியிருக்கா.

வடிவம்மா: நீ ஏன் அந்தரப்பட்டு வாறாய். கிளிநொச்சிக்குப் போய், உருத்திரபுரத்தில இவருக்குச் சொல்லி, இவரோடயே பஸ்ஸில திரும்பி வந்து, நோன்போட உடம்பு என்னத்துக்காகும்.

முத்தலிப்: கடைக்குச் சாமான் ஏத்தப் போற பயணந்தானே அக்கா. லொறியோட எங்கட றைவர் றிஃபாத் அங்க நிக்கிறான். அண்ணன், நாளைக்கு விடிய லொறி வந்திரும். ஓமந்தையில கன நேரம் மறிக்காட்டி வெள்ளனவே இங்க நிக்கும்.

பொன்னையா: சரி சரி. விடியக் கதைப்பம்.

வடிவம்மா: நாளைக்கு விடியவோ? வந்து இன்னும் கால்கூட ஆறேல்ல.

பொன்னையா: விதைப்புக் காலம் வடிவு. வயலை விட்டிட்டுப் பெட்டிக்குக் காவல் இருக்கேலுமோ?

வடிவம்மா: நான் இருக்கச் சொன்னனோ?

முத்தலிப்: நான் ஒண்டு சொல்லட்டா? கோவிக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் உங்கட ரோசத்தை வச்சுக்கங்க, ஆனா என்னைப் பொய் சொல்ல விடாதீங்க. போன மாசம் நோன்பு தொடங்கின முதல் நாள், அக்கா கோயிலுக்குப் போன நேரம் நெசமாவே கறண்ட் போய் வந்திச்சு. அண்ணன்ட அறை லைற் எரியுதுன்னே பெட்டி கத்திக்கிட்டு இருந்திருக்கு. தம்பி அங்கயிருந்து நூக்குறான், அது நூரல்ல. அப்பா மயங்கிக் கிடக்கிறார்னு நினைச்சுட்டான். எனக்கு அடிச்சு "முத்தலிப் மாமா, ஓடிப் போய்ப் பாருங்க" என்கிறான். நான் என்ன சொல்றது? "அப்பா குளிக்கிறார்" எண்டுட்டேன்.

பொன்னையா: அது பரவாயில்லையே.

முத்தலிப்: ஒரு மணித்தியாலம் கழிச்சுத் திரும்ப எடுத்தான். "இன்னும் குளிக்கிறார்" எண்டேன். மூண்டாந்தரம் எடுக்கையில எனக்கு வேற பொய் வரல்ல. "உங்கப்பாக்கு இப்பக் குளிக்கிறதுதான் வருத்தமே, டொக்டரிட்டக் காட்டணும்" எண்டேன். நோன்போட மூணு பொய்.

வடிவம்மா: அதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில "அப்பாவைக் கனக்கத் தண்ணி ஊத்த விடாதேங்கோ அம்மா" எண்டவன். எனக்கு விளங்கவேயில்ல.

பொன்னையா: பாத்தியோ, நான் இல்லாத வீட்டில எனக்கு வருத்தமும் வருது.

முத்தலிப்: சிரிக்காதீங்க அண்ணன். ம்... நான் போறேன். ஹாலிதா தேடுவா. நேத்தும் இப்படித்தான், நோன்பு திறந்த கையோட ரீவியைப் போட்டவ, நாடகம் முடியுற வரைக்கும் எழும்பவேயில்ல, நானே தேத்தண்ணி...

வடிவம்மா: முத்தலிப்.

முத்தலிப்: என்னக்கா?

வடிவம்மா: பாத்திரத்தைக் காலமை கழுவித் தந்து விடுறன். நீ போ.

முத்தலிப்: ஆ... சரி சரி. நான் ஒண்டும் சொல்லல்ல. வாறேன் அண்ணன்.

வடிவம்மா: என்ன பாக்கிறியள்? கஞ்சியைக் குடியுங்கோ.

பொன்னையா: பக்கத்துத் தெருவில நேற்றுப் பின்னேரம் ரீவி ஓடியிருக்கு.

வடிவம்மா: அது வேற லைன்.

பொன்னையா: ஓ.

வடிவம்மா: எங்கட லைனில மட்டும் போனது.

பொன்னையா: சரி. கஞ்சி நல்லாயிருக்கு. குசினிக்குள்ள என்ன வாசம் வருது?

வடிவம்மா: தோசைக்கல்லுக் காயுது. சும்மா, இரண்டு தோசை.

பொன்னையா: சம்பலோ?

வடிவம்மா: செத்தல் மிளகாய்ச் சம்பல்.

பொன்னையா: உளுந்து எப்ப ஊறப்போட்டனி?

வடிவம்மா: நேற்று விடிய ஊறப்போட்டுப் பின்னேரம் ஆட்டினனான். ஏன், உளுந்துக்கும் உங்களட்டைக் கேக்கவேணுமோ?

பொன்னையா: இல்ல... நீ தனிய எண்டால் பாணும் வாழைப்பழமும்தான் தின்னிறனி எண்டு ஹாலிதா சொல்லுறவ. நேற்றுப் பின்னேரம்தானே கறண்ட் போனது. நான் வருவன் எண்டு உளுந்துக்கு விடியவே தெரிஞ்சிருக்கு. அதுதான் யோசிச்சன்.

வடிவம்மா: ...பொத்தானை அமத்துங்கோ. ஏழாகுது.

பொன்னையா: அமத்திறன், அமத்திறன். முன்வாசல் சரி. விறாந்தை சரி. பான் சுத்தேல்ல, சரி. என்ர அறை...

வடிவம்மா: அதையும் இப்ப நூத்துத்தான் வச்சிருக்கிறன். நூந்திருக்கெண்டு பழக்குங்கோ.

பொன்னையா: பழக்கியாச்சு. இந்தா, அடிக்குது.

வடிவம்மா: எடுக்காதேங்கோ. கையை எடுங்கோ அதில இருந்து. அஞ்சுதரம் மணி அடிச்சாப்பிறகு அதுவா எடுக்கும்.

பொன்னையா: சொந்தப் பிள்ளை அடிக்கிறான், தகப்பன் எடுக்கக்கூடாது. என்ன நாடகமப்பா இது.

வடிவம்மா: ச்... கதையாதேங்கோ. எடுத்திட்டுது. கேளுங்கோ... ஒண்டு. முன்வாசல் எரியுது.

பொன்னையா: ஒண்டு. விறாந்தை.

வடிவம்மா: இரண்டு. பான்.

பொன்னையா: இரண்டு. என்ர அறை. சரியாச் சொல்லுது. வைக்கப்போறான் இனி.

வடிவம்மா: வைக்கமாட்டான். பொறுங்கோ... பாத்தியளோ, போட்டிட்டான்.

பொன்னையா: என்னத்தை?

வடிவம்மா: உங்கட அறை லைற்றை. கதவுக்குக் கீழால வெளிச்சம் தெரியுதெல்லே. சனி ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். அவன் அங்கயிருந்து போடுவான், நீங்கள் எழும்பிப்போய் நூக்கவேணும். "அப்பா சுகமா இருக்கிறார், எழும்பி நடக்கிறார்" எண்டு அவனுக்கு அதில ஒரு நிம்மதி. நீங்கள்தானே போன மாரியில அவனோட பேசி வச்சனியள். மறந்துபோனியளோ?

பொன்னையா: மறந்துதான் போனன்... நீ எங்க எழும்புறாய்?

வடிவம்மா: நூக்க... ஐயோ, பழக்கதோசம். நீங்கள் போங்கோ. இண்டைக்கு உண்மையிலயே நீங்கள்தானே.

பொன்னையா: பங்குனியில இருந்து என்ர லைற்றை நீயோ ஓடி ஓடி நூத்தனி?

வடிவம்மா: பிறகு ஆர்? பிந்தினால் அவன் பயப்பிடுவான். கெதியாப் போங்கோ.

பொன்னையா: இந்தா, நூத்தாச்சு.

வடிவம்மா: கேக்குது. இரண்டுதரம் கத்திப்போட்டுது. வச்சிட்டான். அப்பாடா... வந்து இருங்கோ. ஏன் கதவடியில நிக்கிறியள்?

பொன்னையா: அறை கூட்டித் துப்பரவாக் கிடக்கு.

வடிவம்மா: கட்டில் இல்லாத அறை. கூட்டச் சுகம்.

பொன்னையா: கட்டில் கிடந்த மூலையில பாய் விரிச்சிருக்கு. அதில ஆர் படுக்கிறது?

வடிவம்மா: ...பூனை.

பொன்னையா: பூனை தலகாணியும் வச்சுக்கொண்டோ படுக்குது?

வடிவம்மா: உங்களுக்கு இப்ப என்ன வேணும்?

பொன்னையா: பாய்க்குப் பக்கத்தில உன்ர மூக்குக்கண்ணாடியும் கிடக்கு. பூனைக்கு எழுத்துத் தெரியேல்லப் போல.

வடிவம்மா: ஓம். நான்தான் படுக்கிறன். லைற் நூக்கப் போவன், திரும்பி வர மனம் வராது, அதிலயே கிடந்திடுவன். போதுமோ? கேட்டாச்சோ? இனிப் போய்க் கையைக் கழுவுங்கோ, தோசை ஆறுது.

பொன்னையா: இரு வடிவு. ஒண்டு கேக்கிறன், கோவியாதை. வைகாசியில இருந்து எனக்கு இஞ்ச வந்து போறதுதான் வேலை. கறண்ட் போனது எண்டு முத்தலிப் வந்து சொல்லுவான். எல்லாம் சனிக்கிழமை. ஒருக்கால்கூட நாள் மாறேல்ல. சனி பின்னேரம் வந்து பெட்டியைப் பாத்து, இந்த அறைப் பக்கம் போகாமல் விறாந்தையில படுத்து, ஞாயிறு சதீசோட ரெலிபோனில கதைச்சுப்போட்டுப் போவன்.

வடிவம்மா: சனிக்கிழமையில அவங்கள் லைன் வேலை செய்யிறாங்களாம்.

பொன்னையா: வடிவு.

வடிவம்மா: தோசை ஆறுது எண்டனான்.

பொன்னையா: மெயின் சுவிச் பெட்டியைப் பாத்தன். எங்கும் ஒட்டடை. இறக்கிற பிடி மட்டும் பளபளக்குது.

வடிவம்மா: நான்தான் இறக்கினனான். இறக்கிப்போட்டு, அஞ்சு நிமிசம் இருட்டுக்கை இருந்திட்டு, ஏத்துவன். பிறகு முத்தலிப்பிட்டைப் போய்ச் சொல்லுவன். ஞாயிற்றுக்கிழமையில அப்பா எங்க எண்டு பெடியன் கேட்டால் நான் என்ன சொல்லுறது? எத்தனைதரம் சலூனுக்கு அனுப்புறது உங்களை? தலையில இருக்கிறதே நாலு மயிர்.

பொன்னையா: அது எனக்கு முதல்தரமே தெரியும். முத்தலிப்புக்குப் பொய் சொல்லேக்க வாய் கோணும்.

வடிவம்மா: தெரிஞ்சுகொண்டோ வந்தனியள்? ஓமந்தையில வெய்யிலுக்கை நிண்டு, பையைக் கொட்டிக் காட்டிக்கொண்டு?

பொன்னையா: பிள்ளைக்காகக் கூப்பிடுறாய் எண்டு நினைச்சு வந்தனான். என்னைக் கூப்பிடேல்ல எண்டு ஒரு மனத்தாக்கமும் இருந்தது. அதையும் சொல்லவேணும்.

வடிவம்மா: இதுக்குள்ள ஒரு மணித்தியாலமா இருந்து பெட்டியையும் திருத்தினியள், ஒண்டும் தெரியாத மாதிரி.

பொன்னையா: பெட்டியில ஒரு பிழையும் இல்ல.

வடிவம்மா: என்ன?

பொன்னையா: போன முறை வந்திட்டுப் போகேக்க முத்தலிப்பின்ர கடையில ஒரு சின்னப் பற்றரி வாங்கி உதுக்குள்ள பூட்டினனான். கறண்ட் போனாலும் உது இனி மறவாது. நீ மெயினை இறக்கி இருட்டுக்கை இருந்த நேரமும் அது ஒழுங்காத்தான் இருந்திருக்கும்.

வடிவம்மா: அப்ப இவ்வளவு நேரமும் என்னத்தை அமத்தினனியள்?

பொன்னையா: சும்மா. நீ பக்கத்தில நிண்டு அதில்லை, இதில்லை எண்டு சொல்லிக்கொண்டிருந்தாய். கேக்க நல்லாயிருந்தது.

வடிவம்மா: ...விசர் மனுசன்.

பொன்னையா: ஓம்.

வடிவம்மா: அப்ப இனிப் பெட்டி பிழைக்காது.

பொன்னையா: பிழைக்காது.

வடிவம்மா: பிழைக்காட்டி நான் இனி உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுறது? விடிய லொறி வந்தோடன நீங்கள் ஏறிப் போயிடுவியள்...

பொன்னையா: இண்டைக்கு என்ன கிழமை?

வடிவம்மா: புதன். அதுக்கென்ன?

பொன்னையா: இண்டைக்குக் காலமை பக்கத்துக் காணி ஏரம்புவோட வயலில நிக்கிறன், முத்தலிப் வரம்பால வாறான். "அண்ணன், அக்கா வீட்டில நேத்துக் கறண்ட் போச்சாம்" எண்டான். நேற்றுச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமையில பெடியன் கதைக்கிறதில்ல, பெட்டிதான் கத்தும், அதுக்கு நான் தேவையில்ல. பிறகு ஆருக்காக மெயினை இறக்கினவ எண்டு யோசிச்சன். விதைப்பு முடிஞ்சுது, வயலை ஏரம்பு பாப்பான், அறுவடைக்குப் போனால் போதும். நாளைக்கு வாற லொறி என்னை ஏத்த வரேல்ல, வடிவு... கட்டிலைக் கழட்டி அதில ஏத்திப்போட்டுத்தான் நான் பஸ் ஏறினனான்.